மூளை அன்யூரிசத்தின் வடிவத்தைப் பார்த்து வெடிக்கும் ஆபத்தை எடைபோடுவது எப்படி

மூளை ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பை போலப் புடைத்திருப்பதை அன்யூரிசம் என்பார்கள். ‘ஐந்து மில்லிமீட்டர் அன்யூரிசம்’ என்று எழுதிய ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஐந்து மில்லி என்பது பெரியதா, சின்னதா? சேலத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் சி.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்களை இயக்கும் ரேடியோகிராபர் நான். படம் எடுப்பதும், அதைக் கணினியில் முப்பரிமாணமாகத் திருப்பி அளவெடுத்து ரேடியாலஜி டாக்டரின் பார்வைக்கு வைப்பதும் என் வேலை. ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் படக்கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: அந்த ஒற்றை எண்ணை வைத்து நிம்மதியடையவும் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம். அந்தப் பை என்ன வடிவத்தில் இருக்கிறது, எந்தக் குழாயில் தொங்குகிறது என்று கேளுங்கள். எப்படிக் கேட்பது, கிடைத்த பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அறுவை செய்வதா, காத்திருப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்கள் நரம்பியல் அறுவை மருத்துவரும் நீங்களும்தான்.

முதலில் ஒரு ஆறுதல். வளர்ந்தவர்களில் நூறு பேரை எடுத்துக்கொண்டால் சுமார் மூன்று பேருக்கு மூளை ரத்தக்குழாயில் இப்படி ஒரு புடைப்பு இருக்கிறது. அதில் பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் வெடிப்பதே இல்லை. வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் ரத்தம் பாய்கிறது. அது உயிரைக் கொண்டுபோகும் அவசரம். மறுபக்கம், பையின் வாயில் கிளிப் போட்டு மூடினாலும் சரி, ‘காயில்’ என்ற மெல்லிய கம்பிச் சுருளை உள்ளே வைத்து அடைத்தாலும் சரி, சிகிச்சைக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. அதனால்தான் ‘இது வெடிக்கிற ரகமா’ என்று எடைபோடும் வேலையே வருகிறது.

எந்தப் படத்தில் பார்ப்பது

வடிவம் என்பது முப்பரிமாண விஷயம். ஃபிலிமில் அச்சடித்த ஒரு கோணத்தில் உருண்டையாகத் தெரிவது, தொண்ணூறு டிகிரி திருப்பினால் நீள்வட்டமாகவோ இரட்டைப் புடைப்பாகவோ தெரியலாம். ஆகவே ஃபிலிம் போதாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் முழுப் படத்தொகுப்பையும் டிஸ்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். பீரோவில் கிடந்து கீறல் விழுந்த டிஸ்க் எந்தக் கணினியிலும் திறக்காது.

ரத்தக்குழாய்களைக் காட்டும் படத்தை ஆஞ்சியோ என்பார்கள். எம்.ஆர். ஆஞ்சியோவைச் சாய மருந்து இல்லாமலே எடுக்கலாம். வருடா வருடம் கண்காணிக்க அது வசதி. ஆனால் பைக்குள் ரத்தம் மெதுவாகச் சுழன்றால், சாயமில்லாத அந்தப் படத்தில் உச்சிப் பகுதி மங்கிப்போகும். உண்மையில் உயரமான பை படத்தில் குட்டையாகிவிடும். சி.டி. ஆஞ்சியோவில் அந்தக் குறை இல்லை, ஓரங்கள் கூர்மையாகக் கிடைக்கும். அதற்கு அயோடின் சாயம் ஏற்ற வேண்டும், எனவே சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையை முன்கூட்டியே பார்த்துக்கொள்வார்கள். மண்டை ஓட்டின் அடித்தளத்தை ஒட்டிய பையை அருகிலுள்ள எலும்பு மறைக்கும். தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்திச் சாயம் ஏற்றி எடுக்கும் டி.எஸ்.ஏ. என்ற ஆஞ்சியோவும், அதே அறையில் இயந்திரத்தைச் சுழற்றி எடுக்கும் முப்பரிமாணப் படமும்தான் இன்றைக்கும் உரைகல். எல்லாருக்கும் அது தேவைப்படாது. சிகிச்சைக்குப் போவதா என்ற முடிவு ஊசலாடும்போது மருத்துவரே சொல்வார்.

கழுத்தை எங்கே அளந்தார்கள்

பைக்கு நான்கு அளவுகள் வேண்டும். தாய்க்குழாயிலிருந்து பை பிரியும் வாய்தான் கழுத்து. அதன் அகலம் ஒன்று. அந்தக் கழுத்துத் தளத்திலிருந்து செங்குத்தாக உச்சி வரை உள்ள உயரம் இரண்டு. பையின் வயிற்றுப் பகுதியின் அகலம் மூன்று. பை தொங்கும் தாய்க்குழாயின் விட்டம் நான்கு. பல ரிப்போர்ட்டுகளில் ‘5 x 4 மி.மீ.’ என்று இரண்டு எண்கள் மட்டும் இருக்கும். கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. படம் கணினியில் இருக்கும்வரை அளவை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்க முடியும்.

இந்த நான்கில் மிகவும் ஏமாற்றுவது கழுத்துதான். சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர், மனைவியின் படத்தோடு வந்திருந்தார். கம்பியின் கனத்தை வெர்னியரில் பார்த்தே காலம் தள்ளியவர். திரையில் நான் கழுத்துக்குக் குறுக்கே கோடு போட்டதும், “ஏம்மா, கோட்டை அரை மில்லி கீழே இறக்கிப் போட்டிருந்தால் எண் மாறியிருக்குமே, எதை வைத்து இந்த இடம் என்று முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டார். அளவெடுக்கிறவரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நான் அவருக்குக் காட்டியதை இங்கேயும் சொல்கிறேன். திரையில் வண்ணத்தில் சுழலும் அந்த அழகான முப்பரிமாண உருவத்தின் மேல் நேரடியாக அளக்கக் கூடாது. அது கணினி தீட்டிய உருவம். எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் உள்ள புள்ளிகளைக் காட்டுவது என்ற வரம்பை இயக்குகிறவர் கையால் நகர்த்தலாம். வரம்பைக் கொஞ்சம் குறைத்தால் பையும் தாய்க்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக் கழுத்து அகன்று தெரியும். கூட்டினால் கழுத்து மெலிந்து, பையிலிருந்து கிளம்பும் மெல்லிய கிளைக்குழாய் காணாமலே போய்விடும். பெரியவர் கண் முன்னால் அந்த வரம்பை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினேன். அதே கழுத்து விரிந்தது, சுருங்கியது. ஆகவே உருவத்தைச் சுழற்றிப் பார்த்துக் கழுத்து எந்தக் கோணத்தில் தெளிவாகப் பிரிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மூலப் படங்களுக்குத் திரும்பி, அதே கோணத்தில் மெல்லிய வெட்டு எடுத்து, தாய்க்குழாயின் சுவர் வளையாமல் நேராகப் போயிருந்தால் எங்கே போயிருக்கும் என்று தொடர்ந்து பார்த்து, அந்தக் கோட்டில்தான் கழுத்தை வைக்க வேண்டும். அடுத்த முறை வேறொருவர் அளந்தாலும் அதே இடத்தில் வைக்கும்படி அந்த வெட்டையே படமாகச் சேமித்து வைப்பது நல்ல பழக்கம்.

இரண்டு வகுத்தல் கணக்கு

உயரத்தைக் கழுத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பதை ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பார்கள். பையின் அதிகபட்ச உயரத்தைத் தாய்க்குழாயின் விட்டத்தால் வகுத்தால் சைஸ் ரேஷியோ. இரண்டாவது கணக்கில் உயரத்தைச் செங்குத்தாகத்தான் அளக்க வேண்டும் என்பதில்லை. பை சாய்ந்திருந்தால் சாய்ந்த உயரத்தையே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்குமே உயரம் 6.4 மி.மீ. ஒருவருக்கு முன்மூளைப் பகுதியின் முன் இணைப்புத் தமனியில், கழுத்து 3.2, தாய்க்குழாய் 2.0. ஆஸ்பெக்ட் ரேஷியோ 2.0, சைஸ் ரேஷியோ 3.2. மற்றவருக்கு உள் கரோடிட் தமனியில், கழுத்து 5.0, தாய்க்குழாய் 4.0. அவருக்கு முதல் எண் 1.28, இரண்டாவது 1.6. ரிப்போர்ட்டின் முதல் வரியில் இருவருக்கும் ஒரே அளவுதான் எழுதியிருக்கும். ஆனால் முதலாமவரின் பை மெல்லிய குழாயில் கழுத்து குறுகி உயர்ந்து நிற்கிறது. இரண்டாமவருடையது தடித்த குழாயில் அகலமாக உட்கார்ந்திருக்கிறது. மருத்துவர் கூடுதலாகக் கவலைப்படுவது முதலாமவரைப் பற்றித்தான்.

ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்கு 1.6 என்ற எல்லைக்கோடு 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வின் மூலம் புழக்கத்துக்கு வந்தது. 2015இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து உருவாக்கிய யு.ஐ.ஏ.டி.எஸ். என்ற மதிப்பீட்டு முறையில், ஆஸ்பெக்ட் ரேஷியோ 1.6க்கு மேலோ, சைஸ் ரேஷியோ 3க்கு மேலோ இருந்தால் சிகிச்சையின் பக்கம் புள்ளிகள் கூடுகின்றன. கோடு என்றதும் அதற்கு அந்தப் பக்கம் ஆபத்து, இந்தப் பக்கம் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன முதலாமவரின் கழுத்தை 3.2க்குப் பதில் 4.2 என்று ஒருவர் அளந்திருந்தால், ரேஷியோ 2.0இலிருந்து 1.52க்கு இறங்கிக் கோட்டுக்குக் கீழே போய்விடும். ஒரு மில்லி பிசகு போதும். கொலுசுப் பட்டறைப் பெரியவரின் கேள்விக்கு இத்தனை மதிப்பு இருப்பது இதனால்தான்.

உயரமும் குறுகிய கழுத்தும் ஏன் கெட்ட சேர்க்கை? வாய் குறுகிய சொம்பில் குழாய்த் தண்ணீர் வாய்ப் பக்கமே சுழன்றுவிட்டு, அடியில் கிடப்பது அசையாமல் இருப்பதைப் போல, இந்தப் பையின் உச்சியில் ரத்தம் மந்தமாகச் சுழல்கிறது. ரத்தம் உரசிக்கொண்டு ஓடும் அழுத்தத்தைப் பொறுத்துத்தான் குழாயின் உட்சுவர் செல்கள் தங்களைப் பராமரித்துக்கொள்கின்றன. உரசல் மிகவும் குறைந்து திசையும் மாறிக்கொண்டே இருந்தால் அழற்சி ஏற்பட்டுச் சுவர் நலிகிறது. இதற்கு நேர்மாறாக, வேகமாகப் பாயும் ரத்தம் ஓரிடத்தில் மோதி மோதிச் சுவரை மெலியச் செய்யும் சிறிய பைகளும் உண்டு. எனவே ரேஷியோ குறைவாக இருக்கிறது என்பதாலேயே ஒரு பையைச் சாதுவானது என்று சொல்லிவிட முடியாது.

பையின் மேல் இன்னொரு முளை

எண்களைவிட எனக்கு அதிகம் உறுத்துவது ஒழுங்கற்ற சுவர். வழவழப்பாக ஒரே வளைவாக இருக்க வேண்டிய பையின் மேல் குட்டி முளை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அல்லது பை இரண்டு மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். ரிப்போர்ட்டில் ‘பிளெப்’, ‘டாட்டர் சாக்’, ‘லாபுலேட்டட்’, ‘இர்ரெகுலர்’ என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால் அதன் பொருள் இதுதான். சுவர் எல்லாப் பக்கமும் சமமான வலுவோடு இல்லை என்பதற்கு அது கண்ணால் காணும் அடையாளம். ஜப்பானில் 5,720 நோயாளிகளின் 6,697 அன்யூரிசங்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான யூகாஸ் ஆய்வில், இத்தகைய முளை உள்ளவை வெடிக்கும் வாய்ப்பு இல்லாதவற்றைப் போல 1.63 மடங்கு இருந்தது. அந்த ஆய்வு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகவே, 0.95 சதவீதம், வெடித்தது. எனவே 1.63 மடங்கு என்பதை அந்தச் சிறிய அடிப்படை எண்ணின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். முளை இருந்தால் நாளைக்கே வெடித்துவிடும் என்பதில்லை. இல்லாதவரைவிட இவருடைய படத்தை மருத்துவர் கூடுதல் நேரம் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மகள், “அக்கா, அப்பாவுக்கு நாலு மில்லிதான் என்கிறார்கள், சின்னதுதானே?” என்று கேட்டாள். உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கமாக ஒரு துருத்தல் தெரிந்தது. முளையா, அல்லது அந்த இடத்திலிருந்து கிளம்பும் கிளைக்குழாயின் வேரா? இது தினமும் வரும் சந்தேகம். மெல்லிய வெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும்: துருத்தல் இரண்டு மூன்று வெட்டுகளில் மொட்டையாக முடிந்தால் முளை, மெலிந்து நீண்டுகொண்டே மூளையின் மடிப்புக்குள் போனால் கிளைக்குழாய். அவருடையது மொட்டையாக முடிந்தது. ரேடியாலஜி டாக்டரும் பார்த்து உறுதிசெய்து ரிப்போர்ட்டில் அதைத் தனி வரியாக எழுதினார். ‘நாலு மில்லி’ என்பதோடு அந்த ஒரு வரியும் சேர்ந்து போனதால் நரம்பியல் அறுவை மருத்துவர் காத்திருப்புக் காலத்தைச் சுருக்கி, சீக்கிரமே மறுபடி படம் எடுக்கச் சொன்னார்.

இதே போலத் தலைகீழான குழப்பமும் உண்டு. பின் இணைப்புத் தமனி கிளம்பும் இடம் சிலருக்குப் புனல் போல் விரிந்திருக்கும். மூன்று மில்லிக்குள் இருந்து, புனலின் நுனியிலிருந்தே குழாய் தொடர்ந்தால் அது பெரும்பாலும் இயல்பான அமைப்பு. அதை அன்யூரிசம் என்று எண்ணிப் பல மாதங்கள் தூக்கமில்லாமல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: பைக்குள் ஒரு பகுதி ரத்தம் உறைந்திருந்தால் ஆஞ்சியோ படம் ரத்தம் ஓடும் பகுதியை மட்டும்தான் காட்டும். உண்மையான பை அதைவிடப் பெரியது; சாதாரண எம்.ஆர்.ஐ. வெட்டுகளில்தான் முழு உருவமும் தெரியும். குழாய் முழுவதுமே கதிர்க்கோல் போல வீங்கியிருக்கும் வகைக்கும், சுவர் கிழிந்து உண்டாகும் வகைக்கும், கிருமித் தொற்றால் வருவதற்கும் கழுத்தே இல்லை; மேற்சொன்ன வகுத்தல் கணக்குகள் அவற்றுக்குப் பொருந்தாது.

வடிவத்தை மற்றவற்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்

மருத்துவர்கள் அதிகம் எடுத்தாளும் ஃபேஸஸ் மதிப்பெண் 2014இல் வந்தது. எந்த மக்கள்தொகை, ரத்த அழுத்தம், வயது, பையின் அளவு, ஏற்கெனவே வேறொரு அன்யூரிசம் வெடித்ததா, எந்த இடம் என்ற ஆறையும் கூட்டி ஐந்தாண்டு ஆபத்தைச் சொல்லும். அறுபது வயது, ரத்த அழுத்தம் உண்டு, முன் இணைப்புத் தமனியில் 5 மி.மீ. என்றால் அழுத்தத்துக்கு 1, இடத்துக்கு 4, ஆக மொத்தம் 5, ஐந்தாண்டில் 1.3 சதவீதம். இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வடிவத்துக்கு அதில் இடமே இல்லை. முளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 5தான். இரண்டு, மக்கள்தொகைப் பட்டியலில் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான், பின்லாந்து உண்டு, இந்தியா இல்லை. நம் ஊர்க்காரருக்கு அதைப் போடும்போது மருத்துவர் ஒரு கணிப்பாகவே எடுத்துக்கொள்கிறார். பை வளருமா என்று கணிக்க 2017இல் வந்த எலாப்ஸ் மதிப்பெண்ணில் ஒழுங்கற்ற வடிவத்துக்கு 4 புள்ளிகள் உண்டு. உங்கள் மருத்துவரிடம், “ஃபேஸஸ், எலாப்ஸ் இரண்டும் எவ்வளவு வருகிறது, டாக்டர்?” என்று கேளுங்கள். அக்கறையுள்ள மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

வடிவ ஆய்வுகளுக்கு ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. அவற்றில் பல, வெடித்துவிட்ட பைகளையும் வெடிக்காதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தவை. வெடிப்பே பையின் உருவத்தை மாற்றிவிடக்கூடும். எனவே வெடித்த பிறகு காணும் வடிவம் வெடிப்பதற்கு முன்னால் இருந்ததுதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தொடர்ந்து கண்காணித்த யூகாஸ் போன்ற ஆய்வுகளிலும் முளை தனித்து நின்றதால்தான் அதற்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். ரேஷியோக்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

படத்தில் தெரியாத சிலவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: பீடி, சிகரெட் பழக்கம், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது மூளை ரத்தக் கசிவு, சிறுநீரகத்தில் பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய். வடிவத்தை நம்மால் மாற்ற முடியாது. புகையை நிறுத்தவும் அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடவும் முடியும்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் அமைதியாக இருக்கும் பைக்கு. நொடியில் உச்சத்துக்குப் போகும், இதுவரை வந்திராத கொடிய தலைவலி, அதோடு வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், அல்லது திடீரென ஒரு கண்ணிமை தொங்கிப் பார்வை இரண்டாகத் தெரிவது என்றால் அளவும் ரேஷியோவும் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108ஐ அழையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கவோ, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நோயாளியை பைக்கில் உட்காரவைத்து இறக்கவோ கூடாது. தலைவலிக்கென்று ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பழைய டிஸ்கை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படம் எடுக்கும்போது

காத்திருப்பது என்று முடிவானால் முதல் மறுபரிசோதனை வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் இருக்கும். அதன் பிறகு இடைவெளியை மருத்துவர் சொல்வார். கூடுமானவரை அதே முறையில், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள். போன தடவை எம்.ஆர்., இந்தத் தடவை சி.டி. என்றால் பை வளராமலே எண் மாறும். எம்.ஆர். படத்தின் ஒரு புள்ளியே ஏறக்குறைய அரை மில்லி, எனவே 4.8 இருந்தது 5.1 ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். ஒரே முறையில் எடுத்த படங்களில் ஏதாவது ஒரு திசையில் ஒரு மில்லி அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால்தான் பொதுவாக வளர்ச்சி என்கிறார்கள். ஆனால் எண் அப்படியே இருந்து புதிதாக ஒரு முளை கிளம்பியிருந்தால் அதுவும் மாற்றம்தான். அதை வளர்ச்சிக்குச் சமமாகவே பார்க்க வேண்டும்.

ஆகையால் ஸ்கேன் மையத்துக்குள் நுழைந்ததும் பழைய டிஸ்கைக் கவுண்டரில் வைத்துவிடாமல், படம் எடுக்கிறவர் கையிலேயே கொடுத்து, “பழசோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வடிவம் மாறியிருக்கிறதா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் கழுத்து, உயரம், அகலம், தாய்க்குழாய் விட்டம், சுவர் வழவழப்பா ஒழுங்கற்றதா என்ற ஐந்தும் இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, இல்லாததை அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.